கராஜ் கூரையும் அறுக்கப்பட்ட தீராந்தியும்

எங்கள் வீட்டுக் கராஜின் பக்கக் கதவு மூன்று குளிர்காலங்களாக ஒரே விதமாகத்தான் நடந்துகொண்டது. ஆனி, ஆடியில் ஒரு விரலால் தள்ளினாலே திறக்கும். தை பிறந்து கூரையில் பனி ஏறியதும் தோளால் முட்டினாலும் அசையாது. ஈரத்தில் மரம் ஊதுகிறது என்று நானே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டும் கதவின் மேல் விளிம்பைச் சீவிவிட்டேன். மூன்றாம் முறை சீவும்போதுதான் ஒரு விடயம் உறைத்தது. ஊதிய கதவென்றால் நாலு பக்கமும் இறுக வேண்டும். இதுவோ ஒரே ஒரு மேல் மூலையில் மட்டும் இறுகியது. குறை கதவில் இல்லை, கதவு நிற்கும் சுவரில் இருக்கிறது என்பதை அந்த மூலைதான் எனக்குச் சொல்லிற்று.

ரொறன்ரோவின் கிழக்கேயுள்ள ஸ்காபரோவில் 1950களில் எழுந்த சிறிய வீடுகளின் பின்புறத்தில் தனியாக நிற்கும் கராஜ்களில் எங்களுடையதும் ஒன்று. அகலம் 20 அடி, நீளம் 22 அடி. இரண்டு சரிவுக் கூரை; தெருவைப் பார்த்த முக்கோணச் சுவரில் பெரிய கதவு. முகட்டிலிருந்து சுவருக்குச் சரிந்து இறங்கும் கைமரங்கள் 2×4 (பெயரளவில் 2 அங்குலத்துக்கு 4 அங்குலம்) அளவு மரங்கள், 24 அங்குலத்துக்கு ஒரு சோடி வீதம் பன்னிரண்டு சோடிகள். சாய்வு குறைவு: கிடையாக 12 அங்குலம் போனால் கூரை 4 அங்குலம் உயரும். வீட்டை வாங்கியபோது நாங்கள் பணம் கொடுத்து வரவழைத்த பரிசோதகர் தமது அறிக்கையில் கராஜுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு வரி: "வயதுக்கேற்ற நிலை." அந்த வரியை அப்போது நானும் ஒரு நற்சான்றிதழாகவே வாசித்தேன்.

பனி உருகிய பிறகு எதிர்ச் சாரியில் நின்று கூரையைப் பார்த்தேன். முகட்டுக் கோடு இரு முனைகளிலும் உயர்ந்து நடுவில் தாழ்ந்து, சேணம் இறக்கிய கிழட்டுக் குதிரையின் முதுகைப் போலத் தெரிந்தது. இத்தனை ஆண்டுகளாக வண்டியை நிறுத்தும்போதெல்லாம் அது என் கண்ணெதிரில்தான் இருந்திருக்கிறது. சுவரின் மேல் ஓரத்தில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நூல் பிடித்து, நூலுக்கும் சுவருக்கும் இடையிலான தூரத்தை ஒவ்வோர் இரண்டடியிலும் அளந்து எழுதினேன். கிழக்குச் சுவர் நடுவில் 1¼ அங்குலம் வெளியே தள்ளியிருந்தது. மேற்குச் சுவர் ¾ அங்குலம். முகட்டின் நடுப்பகுதி 3 அங்குலம் இறங்கியிருந்தது. இந்த மூன்று எண்களும் எப்படி ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் காரணம் தலைக்கு மேலேயே இருந்தது. பன்னிரண்டு சோடிக் கைமரங்களுக்கு, ஒரு சுவரின் மேல்வளையிலிருந்து (சுவரின் தலையில் நீளவாட்டில் கிடக்கும் மரம்; சுவர்வளை என்றும் சொல்வோம்) எதிர்ச் சுவரின் மேல்வளை வரை குறுக்கே ஓடும் மரங்கள் முதலில் நான்கே நான்கு இருந்திருக்கின்றன. அந்த நான்கிலும் நடுவில் இருந்த இரண்டை யாரோ அறுத்து எடுத்திருந்தார்கள். இரு பக்கச் சுவர்களிலும் ஒரு முழ நீளத்துக்கு மிச்சத் துண்டுகள் ஆணியோடு அப்படியே நின்றன. அறுத்த முகங்கள் பழுத்து மண்ணிறமாகியிருந்தபடியால் அது நேற்றைய வேலை அல்ல. உயரமான வான் ஒன்றை உள்ளே விடுவதற்காக இருக்கலாம், படகு ஒன்றைத் தூக்கி வைப்பதற்காக இருக்கலாம். அந்த மரங்களின் கீழே சீலிங் எனப்படும் கூரைத்தட்டு எதுவும் அடிக்கப்பட்டிருக்கவில்லை. ஒன்றையும் தாங்காமல் சும்மா குறுக்கே கிடக்கும் மரத்தை அறுத்தால் என்ன வந்துவிடப் போகிறது என்று அறுத்தவர் எண்ணியிருப்பார். உதவிக்கு வந்த என் மனைவியின் தம்பியும் அதையே கேட்டான்: "அத்தான், சீலிங்கே இல்லாத இடத்தில சீலிங் மரம் என்னத்துக்கு?"

அந்த மரத்தின் ஆங்கிலப் பெயர் செய்த வினைதான் இது. 'சீலிங் ஜொய்ஸ்ட்' என்று கேட்டதும், சீலிங்கைத் தாங்கும் மரம் என்றுதான் மனம் பொருள்கொள்ளும். தாங்குவது அதன் இரண்டாவது வேலை. முதல் வேலை இழுத்துப் பிடிப்பது. மடக்கு ஏணியின் இரு கால்களுக்கும் நடுவே ஒரு குறுக்குக் கம்பியோ சங்கிலியோ இருக்கும். அதைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினால் கால்கள் இரண்டும் வெளிப்பக்கம் வழுக்கி, உச்சி கீழே வரும். கைமரச் சோடியும் அதே ஏணிதான். அதன் மீது ஏறி நிற்பது பனி; வழுக்கி வெளியே போவது சுவரின் தலை.

ஊரில் இந்த மரத்துக்குத் தீராந்தி என்று பெயர். யாழ்ப்பாணத்து ஓட்டு வீடுகளில் முகட்டுவளை, கைமரம், சிலாகை, தீராந்தி என்று கூரையின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் சொல்லித்தான் ஓடாவிமார் மரம் கேட்பார்கள். யன்னல், கதிரை, அலவாங்கு போலவே தீராந்தியும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். அவர்களுடைய மொழியில் 'திரான்ட்டே' என்பது இழுத்துப் பிடிக்கும் மரத்தைக் குறிக்கும். நாங்கள் அதை வெறும் உத்தரம் என்ற பொருளில் பழகிவிட்டோம், ஆனால் அந்தச் சொல்லுக்குள் மரத்தின் உண்மையான வேலை இன்னும் இருக்கிறது. 'இழுமரம்' என்று எழுதி ஒட்டியிருந்தால் அந்த மனிதர் வாளை எடுத்திருப்பாரா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

இழுவிசை எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது கடினமல்ல. ரொறன்ரோப் பகுதியில் இத்தகைய கூரைக்குக் கட்டட விதிக்கோவை எடுத்துக்கொள்ளச் சொல்லும் பனிச் சுமை 1 கிலோபாஸ்கல், அதாவது சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 100 கிலோ. எங்கள் கராஜின் பரப்புக்கு அது நான்கு தொன்னுக்குக் குறையாது. ஒரு யானை கூரையில் படுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகை, அதன்மேல் வேயும் தார்த் தகடான ஷிங்கிள், கைமரம் ஆகியவற்றின் சொந்த எடையாக இன்னும் அரைக் கிலோபாஸ்கலைச் சேர்த்தால், ஒரு சோடிக் கைமரம் சுவரை வெளியே தள்ளும் விசை சுமார் 430 கிலோ என்று வருகிறது. மூன்று சோடிக்கு ஒரு தீராந்தி என்றால் ஒவ்வொன்றும் 1,300 கிலோவுக்கு அண்மையான இழுவையைத் தாங்க வேண்டும். அதே அகலத்துக்குக் கூரை 12க்கு 12 என்று செங்குத்தாக உயர்ந்திருந்தால் தள்ளுவிசை இதில் மூன்றில் ஒரு பங்குதான். தட்டையான கூரை பார்வைக்கு அடக்கமாக இருக்கும், ஆனால் சுவரைத் தள்ளுவதில் அதுதான் முரடன்.

சாய்வு குறைந்த கூரைக்கு இன்னொரு குணமும் உண்டு. கைமரத்தின் நீளம் மாறாது. ஆகவே அதன் கால் வெளியே நகர்ந்தால் தலை இறங்கியே தீரும். 12க்கு 4 சாய்வில், சுவர் ஓர் அங்குலம் வெளியே போனால் முகடு மூன்று அங்குலம் கீழே வரும். எங்கள் இரு சுவர்களின் நகர்வு 1¼, ¾. சராசரி ஓர் அங்குலம். முகட்டின் இறக்கம் மூன்று அங்குலம். அளந்து எழுதிய தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, எண்கள் அச்சாகப் பொருந்தியபோது ஒரு பக்கம் மகிழ்ச்சியாகவும் மறு பக்கம் வயிற்றைக் கலக்குவதாகவும் இருந்தது. முகட்டு மரம் உக்கி இறங்கவில்லை, அத்திவாரமும் புதையவில்லை, கூரை விரிந்துகொண்டிருக்கிறது என்பது உறுதியாயிற்று.

என் முதல் யோசனை பிழையானது என்பதை மறைப்பதில் பயனில்லை. முகட்டுக்குச் சற்றுக் கீழே, கைமரச் சோடியின் மேற்பகுதியில் குறுக்குப் பட்டிகள் அடித்துவிட்டால் போதும். தலைக்கு மேலே இடமும் மிஞ்சும், செலவும் குறையும் என்று நினைத்திருந்தேன். கொலர் டை எனப்படும் அந்தப் பட்டிகள் வேறு வேலைக்கானவை. காற்று கூரையைத் தூக்க முயலும்போது இரு கைமரங்களும் முகட்டிலிருந்து பிரிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவற்றின் பணி. சுவர் விரிவதைத் தடுக்க வேண்டுமானால் கட்டு கூரை உயரத்தின் கீழ் மூன்றிலொரு பங்குக்குள் இருக்க வேண்டும். சுவர்வளையின் மீதே இருந்தால் மிகவும் நல்லது. கட்டு மேலே போகப் போக அது தாங்கவேண்டிய இழுவையும் ஏறும், கட்டுக்குக் கீழேயுள்ள கைமரம் வளையவும் தொடங்கும். ஏணிக் கம்பியை உச்சியிலிருந்து ஒரு சாண் கீழே கட்டுபவர் யாரும் இல்லை.

பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவர் நாற்பது ஆண்டுகள் மரச்சட்ட வேலை செய்து ஓய்வுபெற்றவர். அவர் வந்து பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்தார். "பொறியியலாளரைக் கூப்பிடு, அதுவரை வண்டியை வெளியே விடு" என்று இரண்டே வசனங்கள் சொன்னார். நானும் அதையே இங்கு எழுதுகிறேன். கூரையின் சட்டத்தை மாற்றும் வேலைக்கு மாநகரின் கட்டட அனுமதி வேண்டும். அதற்கு வரைபடம் வேண்டும். வரைபடத்துக்குப் பொறியியலாளர் வேண்டும். அவர் கேட்ட கட்டணம் எனக்கு உறுத்தியது உண்மைதான், ஆனால் கீழே நான் சொல்லப்போகும் வேலையின் ஒவ்வொரு அளவும் அவருடைய தாளிலிருந்து வந்ததே. உங்கள் கராஜின் அகலமும் சாய்வும் மரமும் வேறாக இருக்கும். என் அளவுகளை எடுத்து அங்கே பொருத்தாதீர்கள். இன்னொன்று: மரங்கள் கூடும் இடங்களில் பல்லுப் பல்லாகக் குத்திய தகரத் தட்டுகள் இருந்தால் அது ஆலையில் செய்த ட்ரஸ் கூரை. அதில் ஒரு குச்சியைக்கூட வாளால் தொடக்கூடாது. அதன் கணக்கே வேறு.

அனுமதிக்காகக் காத்திருந்த வாரங்களில் மரத்தின் உடல்நிலையைப் பார்த்தேன். கருவி ஒரு பழைய திருப்புளி. நல்ல மரத்தில் அதன் முனை கால் அங்குலம் இறங்குவதே பெரும்பாடு. மேற்குப் பக்கத்தில், அயல்வீட்டு மேப்பிள் மரத்தின் இலை நிரம்பி எப்போதும் வழிந்துகொண்டிருந்த பீலியின் நேர் உட்புறத்தில், மூன்று கைமரங்களின் காலடியில் திருப்புளி பிடி வரைக்கும் இறங்கிற்று. வெளியே இழுத்தபோது அதோடு வந்தது மரமல்ல, ஈரமான கோப்பித்தூள் போன்ற ஒன்று. சுவர்வளையிலும் நாலடி நீளத்துக்கு அதே கதை. கீழே தளத்தில் மரத்தூள் சிறு குவியலாகக் கிடந்தது. அது கார்ப்பென்டர் எறும்பின் வேலை. கறையானைப் போல அது மரத்தைத் தின்பதில்லை, குடைந்து கூடு கட்டித் தூளை வெளியே கொட்டும். கறையானின் வழி மண் அப்பியிருக்கும். இந்த எறும்பின் வழி சீவுளி போட்டதுபோல் சுத்தமாக இருக்கும். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதிகளில் கறையானும் உண்டு என்பதால் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. எறும்பு ஈர மரத்தைத் தேடித்தான் வரும். ஆகவே மரவேலைக்கு முன்பாகப் பீலியைத் துப்புரவாக்கி அதன் சரிவைத் திருத்தினேன். தண்ணீரை நிறுத்தாமல் மரத்தை மாற்றினால் அடுத்த எறும்புக்கு விருந்து வைப்பதாக முடியும்.

ஆனி மாதத்தில் வேலை தொடங்கியது. கூரையில் பனி இல்லாத, ஷிங்கிள்கள் சூட்டில் இளகி வளைந்து கொடுக்கக்கூடிய காலம் அதுதான்.

சுவரை உள்ளே இழுப்பதென்றால் முகட்டையும் சேர்த்தே உயர்த்த வேண்டும். சுவர் ஓர் அங்குலம் உள்ளே வந்தால் முகடு மூன்று அங்குலம் மேலே போக வேண்டும் என்பது முன்னே சொன்ன அதே கணக்கின் மறுபக்கம். சுவரை மட்டும் இழுத்தால் முழுக் கூரையின் எடைக்கு எதிராக இழுக்கிறோம். முகட்டை மட்டும் உயர்த்தினால் கைமரம் ஆணியிலிருந்து பிய்ந்துவிடலாம். முகட்டின் கீழே மூன்று இடங்களில் தூண் நிறுத்தி, ஒவ்வொன்றின் அடியிலும் ஜக் வைத்தோம். எங்கள் முகட்டு மரம் முக்கால் அங்குலத் தடிப்புள்ள பலகைதான். அது உத்தரமே அல்ல, இரு பக்கக் கைமரங்களும் முட்டிக்கொள்வதற்கான ஓர் இடம், அவ்வளவே. ஒரு புள்ளியில் அழுத்தினால் பிளந்துவிடும். அதனால் அதன் கீழே தற்காலிகமாக இரட்டை மரம் ஒன்றைக் கொடுத்து, அந்த மரத்தைத்தான் ஜக் உயர்த்தியது. ஜக்கின் அடியிலும் கொங்கிறீற் தளத்தின்மேல் தடித்த பலகைகளைப் போட்டோம். அந்தக் காலத்துக் கராஜ்த் தளங்கள் எத்தனை அங்குலம் என்பதை ஊற்றியவரே அறிவார்.

சுவரின் நடுப்பகுதியில் இரண்டு இடங்களில் மேல்வளைக்கு ஊடாகப் போல்ட் போட்டு, வெளியே தடித்த இரும்புத் தட்டும் மரமும் கொடுத்து, உள்ளே சுவருக்குச் சுவர் சங்கிலியும் கையால் இழுக்கும் ராட்செட் வின்சும் பூட்டினோம். முதல் நாள் கைப்பிடியை எட்டுத் தரம் இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாம் தரம் இழுத்தபோது தலைக்கு மேலே எங்கோ துப்பாக்கி வெடித்ததுபோல் ஓர் ஓசை கேட்டது. நானும் மைத்துனனும் வாசலுக்கு ஓடிவிட்டோம். எழுபது ஆண்டு துருவேறிய ஆணி ஒன்று தன் பிடியை விட்ட ஓசை அது. வேலியின் மறுபுறத்தில் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்றைக்குப் போதும்" என்றார்.

நாளொன்றுக்குக் கால் அங்குலத்துக்கு மேல் இழுப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். மாலையில் ஜக்குகளை ஒரு சிறிது உயர்த்துவது, வின்சை இரண்டு மூன்று பல்லு இழுப்பது, நூலை அளந்து தாளில் எழுதுவது, விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் போவது. மரம் பல ஆண்டுகளாகப் பழகிய வளைவை ஓர் இரவில் விட்டுக்கொடுக்காது. இரவு முழுவதும் அது மெல்ல மெல்ல இளகுவதை மறுநாள் தளர்ந்திருக்கும் சங்கிலியில் காணலாம். ஏழாம் நாள் கிழக்குச் சுவரில் கால் அங்குலம் மட்டும் மிச்சமிருந்தது. நான் இன்னும் இழுக்க விரும்பினேன். மேற்குச் சரிவில் ஷிங்கிள்கள் ஒரு வரிசை முழுவதும் மடிப்பெடுக்கத் தொடங்கியதைக் கண்டு நிறுத்தினேன். கால் அங்குல வளைவோடு அந்தச் சுவர் இன்னும் ஐம்பது ஆண்டுகள் நிற்கும். பிளந்த ஷிங்கிள் ஒரு மழைக்கும் நிற்காது. பக்கக் கதவு, நான் சீவிய சீவலுக்கெல்லாம் சாட்சியாக, மேலே அரை அங்குல இடைவெளியோடு காற்றில் ஆடிற்று.

சங்கிலி பூட்டியிருக்கும்போதே உக்கிய சுவர்வளையை வெட்டி எடுத்துப் புதியதைப் பொருத்தினோம், அதன்பின் தீராந்திகள். பொறியியலாளர் எழுதியிருந்தது ஒவ்வொரு கைமரச் சோடிக்கும் ஒன்று, 2×8 மரம், இடையில் ஒட்டில்லாமல் 20 அடி. அந்த நீளத்துக்கு மரக்கடையில் தனியாகச் சொல்லிவைக்க வேண்டியிருந்தது. மரத்தின் முத்திரையில் 'எஸ்-ட்ரை' என்று இருக்கிறதா என்று பார்த்து எடுத்தேன். 19 சதவீதம் அல்லது அதற்குக் குறைந்த ஈரத்தோடு ஆலையில் சீவப்பட்டது என்பது அதன் பொருள். பச்சை மரத்தை அடித்தால் அது காய்ந்து சுருங்கும்போது ஆணி தளரும். ஒவ்வொரு மரத்தையும் கண்ணருகே பிடித்து நீளவாட்டில் பார்த்து, அதன் இயல்பான வளைவு மேல்நோக்கி இருக்கும்படி வைத்தோம். தன் எடையாலேயே அது பின்னர் நேராகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே நடுவில் ஒரு 2×6 மரத்தை நீளவாட்டில் ஓடவிட்டுக் கட்டியதால் ஒன்றும் பக்கவாட்டில் புரளாது.

தீராந்தி எவ்வளவு தடிப்பு என்பதைவிட, அது கைமரத்தோடு சேரும் மூலையில் எத்தனை ஆணி என்பதுதான் முக்கியம். மரம் இழுவையில் அறுவதில்லை. முதலில் பிடி விடுவது மூலையே. ஓர் ஆணி பக்கவாட்டில் பாதுகாப்பாகத் தாங்குவது ஏறக்குறைய 50 கிலோ என்று எடுத்தால், 430 கிலோவுக்கு ஒன்பது ஆணிகள் வேண்டும். பழைய மூலைகளில் இருந்தவை மூன்று. இவற்றை மரம் பிளக்காமல் அடிப்பதற்காக நேர்வரிசையைத் தவிர்த்து, ஒன்றுவிட்டொன்று ஏறி இறங்கி அடிக்க வேண்டும். ட்ரைவோல் எனப்படும் சுவர் அட்டைக்கான கறுப்புத் திருகாணிகளை இந்த இடத்தில் பயன்படுத்தவே கூடாது. அவை கடினமானவை, ஆனால் முறியும். ஆணி வளைந்து எச்சரிக்கும். அந்தத் திருகாணி எச்சரிக்காமல் தலை பறிந்து விழும். வீட்டை வாங்கிய முதல் ஆண்டில் ஒரு வெடித்த கைமரத்துக்கு நான் அவற்றைத்தான் போட்டிருந்தேன் என்பதை, கழற்றும்போது பாதி தலையில்லாமல் இருந்ததைப் பார்த்த மைத்துனன் இன்றும் விருந்தினருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கைமரங்களின் பிரச்சினை வேறு. 1950களின் 2×4 இன்றைய மரத்தைவிடச் சற்றுத் தடிப்பானது, ஆனாலும் பத்தடி தூரத்துக்கு, இரண்டடி இடைவெளியில், அது போதாது. அருகே இன்னொரு 2×4 அடித்தால் பலம் இரட்டிப்பாகும், அவ்வளவுதான். 2×6 அடித்தாலோ அந்த ஒரு மரம் மட்டுமே இன்றைய 2×4ஐ விட இரண்டரை மடங்கு பலமும், ஏறக்குறைய நாலு மடங்கு விறைப்பும் கொண்டது. மரத்தின் ஆழம் பலத்தில் இருமடியாகவும் விறைப்பில் மும்மடியாகவும் பேசும். தடிப்போ எத்தனை மடங்கு கூடியதோ அத்தனை மடங்கு மட்டுமே பேசும். பழையதை எடுக்காமல் பக்கத்திலேயே புதியதைச் சேர்த்துக் கட்டுவதை இங்குள்ள தச்சர்கள் 'சிஸ்டர்' போடுவது என்பார்கள். கைமரத்துக்கு ஒரு தங்கச்சி.

தங்கச்சியை உள்ளே கொண்டுவருவதுதான் பாடு. மேலே முகட்டுப் பலகை, கீழே சுவர்வளை, இரண்டுக்கும் நடுவே சரியான நீளத்துக்கு வெட்டிய மரம் நேராக ஏறாது. புதிய மரத்தில் சுவர்வளைமீது அமரும் முக்கோண வாயை வெட்டி, கீழ்நுனியைக் கூரைச் சரிவுக்கு ஏற்பச் சாய்த்து, முதலில் தட்டையாகப் படுக்கவைத்து உள்ளே செருகி, பிறகு சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்த வேண்டும். இங்கேதான் ஒருவரும் எனக்குச் சொல்லாத ஒன்று காத்திருந்தது: கூரைப் பலகைக்கு ஊடாக ஷிங்கிள் ஆணிகளின் முனைகள் அரை அங்குலம் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். மரத்தை நிமிர்த்தும் ஒவ்வொரு தட்டுக்கும் அவை மரத்தைப் பிடித்து நிறுத்தும். நிமிர்த்துபவரின் தலையையும் விடா. முதல் கைமரத்துக்கு ஒரு முழுக் காலை போயிற்று, தொப்பியும் போயிற்று. இரண்டாவதிலிருந்து, புதிய மரம் வரும் தடத்தில் உள்ள முனைகளை முன்கூட்டியே கிரைண்டரால் அறுத்துவிட்டோம். பிறகு நாளொன்றுக்கு மூன்று சோடி ஏறின. பழைய மரத்துக்கும் புதியதுக்கும் நடுவே கட்டடப் பசையை வளைவு வளைவாகப் பூசி, இரண்டு இறுக்கிகளால் நெருக்கி, அடிக்கு ஒன்றாக மேலும் கீழும் இரு வரிசை ஆணிகள் அடித்தோம். உக்கிய மூன்று கைமரங்களில் உக்கல் பகுதியை முற்றாக வெட்டி நீக்கினோம். அங்கே புதிய மரமே முழுச் சுமையையும் சுவர்வளைக்குக் கொண்டுபோகிறது. கடைசியாக ஒவ்வொரு கைமரத்தையும் சுவர்வளையோடு காற்றுக்குத் தகரப் பட்டியால் கட்டினோம். அது விரைவாக முடிந்த வேலை.

ஜக்கையும் சங்கிலியையும் இறக்கிய நாளில் மூன்று முறை அளந்தேன். முகடு எட்டில் ஒரு பங்கு அங்குலம் இறங்கி நின்றுகொண்டது. அது புதிய மரங்கள் தத்தம் இடத்தில் அமர்ந்த கணக்கு. மாநகரப் பரிசோதகர் வந்து, மூலைகளில் ஆணிகளை எண்ணி, தாளில் ஒப்பமிட்டுப் போனார்.

பன்னிரண்டு தீராந்திகளும் வரிசையாக ஓடிய அழகைப் பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே எண்ணம் வந்தது. குளிர்கால ரயர்கள், நாலு பெரிய சூட்கேஸ், சாமத்திய வீட்டுக்கு வாங்கிய வாடகைக்கும் விடாத இரண்டு பித்தளைக் குத்துவிளக்குகள், இடியப்ப உரல் வந்த பெட்டி உட்பட எல்லாம் மேலே போகலாம் என்று மனைவி திட்டம் போட்டுவிட்டார். நான் மறுத்தேன். அமெரிக்க வீட்டுக் கட்டட விதி, பொருள் வைக்காத கூரைவெளிக்குச் சதுர அடிக்கு 10 இறாத்தல் என்றும், ஓரளவு பொருள் வைப்பதற்கு 20 என்றும் இருவகைப்படுத்துகிறது. குடியிருக்கும் தளத்துக்கோ 40. எங்கள் பொறியியலாளரின் தாளிலும் "களஞ்சியத்துக்கு அல்ல" என்ற வசனம் தடித்த எழுத்தில் இருந்தது. ஏற்கனவே இழுவையில் இருக்கும் ஒரு மரத்தை நடுவில் பாரம் ஏற்றி வளைக்கவும் செய்வது இரட்டைத் தண்டனை. வின்ரர் ரயர் ஒரு தொகுதி றிம்மோடு 80 கிலோவுக்கு மேல் வரும். வெறும் பலகை விரித்துவிட்டால் முதலில் ரயர் போகும், அடுத்த ஆண்டு பழைய குளிர்சாதனப் பெட்டி போகும் என்பது எனக்கு எங்கள் வீட்டைப் பற்றித் தெரிந்த உண்மை. ரயர்கள் சுவரோரம் தளத்தில் நிற்கும் இரும்புத் தட்டில் ஏறின. குத்துவிளக்குகள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

அடுத்த தையில் ஓர் அடிக்கு மேல் பனி விழுந்த மறுநாள் காலை, நூலை எடுத்துக்கொண்டு போனேன். கிழக்குச் சுவரில் மிச்சம் விட்ட அதே கால் அங்குலம்தான் இருந்தது. பக்கக் கதவின் மேலே நான் மூன்று ஆண்டுகளாகச் சீவித் தள்ளிய அரை அங்குலத்துக்கு ஊடாகப் பனித்தூள் உள்ளே வந்து, தளத்தில் வெள்ளைக் கோடாகக் கிடந்தது. புதுக் கதவுக்கு அளவெடுத்தாயிற்று.